தமிழ்ப்பள்ளியில் உடல், உறவு, பாதுகாப்பு: முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியும் பெண்கள் கழிப்பறையின் கடைசிக் கதவு திறக்கவில்லை. தட்டினேன். உள்ளே நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, பள்ளிச் சீருடையான நீலப் பினாஃபோரின் பின்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். இரட்டைக் கோட்டு நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்களை மடித்து உள்ளாடையில் வைத்திருந்தாள். "டீச்சர், என் வயிற்றுக்குள் ஏதோ உடைந்துவிட்டது. பாட்டியிடம் சொல்லாதீர்கள்" என்றாள். இரண்டு நாளாக அப்படித்தான் பள்ளிக்கு வந்திருக்கிறாள். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறினால் இரவுதான் திரும்புவார். அவளுக்குப் பத்து வயது. பூப்பைப் பற்றிய பாடத்தை ஆறாம் ஆண்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தது நான்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப்புறப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்து வருகிறேன். பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் போய் வரிசை வீடுகளும் மலிவு விலை அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் வேலைக்கு ஓடும் நிலை மட்டும் மாறவில்லை. இப்படிப்பட்ட ஊரில் இந்தப் பாடத்தை எப்படித் தொடங்குவது, எங்கே தடுமாறுவோம் என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் படி: அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கையில் எடுங்கள்

"இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையே" என்று சக ஆசிரியர்களே சொல்வார்கள். இருக்கிறது. குடும்ப நலக்கல்வி 1989-இல் இடைநிலைப்பள்ளிகளிலும் 1994-இல் தொடக்கப்பள்ளிகளிலும் நுழைந்தது. இன்று இனப்பெருக்க, சமூக நலக்கல்வி என்ற பெயரில், பீர்ஸ் என்ற சுருக்கத்தோடு, நலக்கல்விப் பாடத்துக்குள் அடங்கியிருக்கிறது. வாரத்தில் கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்தை உடற்கல்விக்கோ கணிதப் பயிற்சிக்கோ விட்டுக்கொடுத்துவிடுகிறோம். அதை நிறுத்துவதுதான் தொடக்கம். பாடத்திட்ட ஆவணத்தின் அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தலைமையாசிரியரின் மேசையில் வையுங்கள். ஆலோசனை ஆசிரியரையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் படித்துவிடுங்கள். 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், அதாவது 792-ஆவது சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரையும் சிறார் என்கிறது. பிள்ளையிடம் பேசிப் பழகி வசப்படுத்துவதே அதில் தனிக் குற்றம். அப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர், கோவில் தலைவர் யாராக இருந்தாலும் சரி. இதைத் தெரிந்துகொள்ளாமல் வகுப்புக்குள் போகாதீர்கள். பாடம் நடத்தினால் பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

இரண்டாம் படி: பெற்றோரை முதலில் உட்கார வையுங்கள்

பெற்றோருக்குத் தெரியாமல் நடத்தும் பாடம் ஒரே வாரத்தில் வாட்ஸ்அப் குழுவில் வேறு உருவம் எடுத்துவிடும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலம் கூட்டம் கூட்டுங்கள். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், எல்லோரும் டவுனுக்குப் போய்விடுவார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு, கோவில் பூசை முடிந்த பிறகு வையுங்கள். பாட்டிகளைக் கட்டாயம் அழையுங்கள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளை வளர்ப்பவர்கள் அவர்கள்தாம். அப்பாக்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள், உள்ளே கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் "உடல் வளர்ச்சியும் பாதுகாப்பும்" என்று எழுதுகிறேன். கூட்டத்தில் பாலியல் கல்வி என்ற சொல்லையும் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நாம் எதையோ ஒளிக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள். எந்த ஆண்டில் எந்தப் படத்தைக் காட்டப்போகிறேன் என்று அந்தப் படங்களையே சுவரில் ஒட்டி வைப்பேன். பாதிப் பயம் அதைப் பார்த்ததும் போய்விடும்.

"தெரிந்துகொண்டால் கெட்டுப்போவார்கள்" என்ற பேச்சு வரும். யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டி, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இக்கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவில் ஈடுபடத் தூண்டுவதில்லை என்று சொல்கிறது. அந்த வழிகாட்டியின் முதல் வயதுப் பிரிவே ஐந்திலிருந்து எட்டு வரைதான்.

அடுத்து, "வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தாம் ஆபத்து" என்பார்கள். இங்கே நான் உறுதியாக நிற்பேன். பிள்ளைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், வீட்டுக்குள் வந்து போகிறவர்கள். 2016-இல் லண்டன் நீதிமன்றம் ஒன்று 22 ஆயுள் தண்டனை விதித்த பிரிட்டிஷ்காரர், மலேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்குள் ஆங்கிலம் சொல்லித் தருபவராகவும் தொண்டராகவும்தான் நுழைந்தார். அந்தப் பெற்றோர் கவனமற்றவர்கள் இல்லை. நல்லவர் என்று நம்பினார்கள்.

என் முதல் கூட்டம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். "நாங்கள் பால்மரம் வெட்டப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவோம். சில பிள்ளைகள் அங்கே போக மாட்டேன் என்று அழும். அடித்து அனுப்பினோம். எதற்கு அழுதது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொல்லிக் கொடு அம்மா" என்றார். அதன் பிறகு மண்டபத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

மூன்றாம் படி: சொற்களைக் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அந்தரங்க உறுப்புகளின் பெயராகக் கிடைப்பவை இரண்டே வகை. வீட்டில் கொஞ்சும் சொல், தெருவில் திட்டும் சொல். கொஞ்சும் சொல் வெளியாருக்குப் புரியாது, திட்டும் சொல்லைச் சொன்னால் அடி விழும். மிச்சம் இருப்பது "அது", "அங்கே", "கீழே". ஒரு சிறுமி "மாமா என் பூவைத் தொட்டார்" என்று சொன்னால், தலையில் வைத்த மல்லிகையைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்து நாம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவள் சொல்லிவிட்டாள், நமக்குத்தான் கேட்கவில்லை.

கரும்பலகையில் ஓர் உடலின் கோட்டோவியம் வரையுங்கள். தலையிலிருந்து தொடங்குங்கள்: நெற்றி, தோள், மார்பு, வயிறு, தொப்புள், ஆணுறுப்பு, பெண்ணுறுப்பு, பிட்டம், முழங்கால். எல்லாச் சொல்லையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் சொல்ல வேண்டும். முதல் நாள் இரவு கண்ணாடி முன் நின்று பத்து முறை சொல்லிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது முறை வரை குரல் தாழ்ந்தது. பிள்ளைகள் அந்தத் தாழ்ந்த குரலைத்தான் பாடமாக எடுத்துக்கொள்வார்கள். வகுப்பு சிரிக்கும், ஒரு நிமிடம் சிரிக்க விடுங்கள். பிறகு முழங்காலுக்குப் போய்விடுங்கள்.

மலாய்ப் பெயர்களையும் பக்கத்திலேயே எழுதுங்கள்: ஸாக்கார், ஃபராஜ். காவல் நிலைய முகப்பிலும் கிளினிக்கிலும் பெரும்பாலும் மலாயில்தான் பேச வேண்டியிருக்கும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் நம் பிள்ளைகள் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே இந்தப் பேச்சு அவர்களுக்குத் தாய்மொழியில் கிடைக்காது. தமிழில் சொல்ல நமக்கு இருப்பது இந்த ஆறு ஆண்டுகள்தான்.

நான்காம் படி: முதலாம், இரண்டாம் ஆண்டுகள்

ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியவை மூன்று. என் உடல் என்னுடையது, உள்ளாடை மறைக்கும் இடங்களையும் வாயையும் மற்றவர் தொடக்கூடாது, தொட்டால் சொல்ல வேண்டும். விதிவிலக்கையும் சேர்த்தே சொல்லுங்கள்: குளிப்பாட்டும் அம்மா, பாட்டி, அம்மா பக்கத்தில் இருக்கும்போது பார்க்கும் மருத்துவர். இதைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் பாட்டி குளிப்பாட்ட வரும்போது பிள்ளை அலறும், நாம் தலைமையாசிரியர் அறையில் நிற்போம்.

இங்கே பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. "பெரியவர்கள் பேச்சைக் கேள்" என்று நன்னெறிப் பாடத்தில் சொல்வதும் நாம்தான். மரியாதையும் கீழ்ப்படிதலும் ஒன்று என்றே பிள்ளை புரிந்துகொள்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்ட நடித்துப் பழகுவதே வழி. கன்னத்தைக் கிள்ளும் அத்தையாக நான் நடிப்பேன். பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்து, கைகூப்பி, "வணக்கம் அத்தை" என்று சொல்ல வேண்டும். முத்தம் தர விருப்பம் இல்லையென்றால் வணக்கம் போதும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பிறகு கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு: "நிறுத்து" என்று சொன்னதும் கை நிற்க வேண்டும். இதை எல்லோரும் இரண்டு பக்கமும் இருந்து பழக வேண்டும்.

இரகசியம் பற்றி: தங்கையின் பிறந்தநாள் கேக்கைப் பற்றிய இரகசியம் நான்கு நாளில் தானாக வெளியே வரும், எல்லோரும் மகிழ்வார்கள். "அம்மாவிடம் எப்போதுமே சொல்லாதே" என்று ஒருவர் ஐஸ்கிரீம் காசு கொடுத்தாலோ ஃபோனை விளையாடக் கொடுத்தாலோ, அதை அன்றைக்கே சொல்ல வேண்டும். பிள்ளைகள் இந்த வேறுபாட்டை நாம் நினைப்பதைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, தாளில் கையை வைத்து வரைந்து, விரலுக்கு ஒருவராக ஐந்து நம்பிக்கைக்குரிய பெரியவர்களை எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும். மூன்று விரலுக்கு மேல் நிரப்ப முடியாத பிள்ளையின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் பூப்பு

பெண்பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் மாற்றங்கள் தொடங்கும். மார்பு வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே நான்காம் ஆண்டு முடிவதற்குள் இந்தப் பாடம் நடந்துவிட வேண்டும்.

பேட் ஒன்றைப் பிரித்து, ஓர் உள்ளாடையில் ஒட்டிக் காட்டுங்கள். சிவப்புச் சர்பத்தான சிராப் தண்ணீரை ஊற்றி அது உறிஞ்சுவதைக் காட்டுங்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட வேண்டும், கழிப்பறைக் குழிக்குள் போடக்கூடாது. ஒரு முறை வரும் இரத்தம் மொத்தமாகவே இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுதான் என்று சொல்லும்போது முகங்களைப் பாருங்கள். உடம்பிலுள்ள இரத்தம் எல்லாம் போய்விடும் என்று பல பிள்ளைகள் பயந்திருப்பார்கள். முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள் தப்பித் தப்பி வருவது இயல்பு என்றும் சொல்லிவிடுங்கள்.

பையன்களை வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பினால், கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்ற கேலியே அந்த வாரம் முழுவதும் ஓடும். பொதுப் பாடம் சேர்ந்து, அதன் பிறகு பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஆசிரியையோடு தனியாக அரைமணி நேரம்.

சடங்கைப் பற்றியும் கேட்பார்கள். மஞ்சள் நீராட்டு குடும்பத்தின் விருப்பம், பள்ளி அதில் தலையிட வேண்டியதில்லை. ஆனால் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்கிறேன்: படத்தைப் பேனரில் போடுவதற்கு முன் அவளிடம் கேளுங்கள். தீட்டு என்ற சொல்லை வகுப்பில் நான் பயன்படுத்துவதில்லை. அது கருப்பையின் உள்படலம், குழந்தை தங்குவதற்காக உடல் விரித்த பாய், இம்முறை தேவைப்படாததால் சுருட்டி வெளியே அனுப்புகிறது என்று சொல்வேன்.

ஆசிரியர் அறையில் ஓர் அலமாரித் தட்டு: பேட், மாற்று உள்ளாடை, ஒரு பழைய பினாஃபோர். கழிப்பறையில் மூடியுள்ள தொட்டி, உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இதற்குப் பணம் தரத் தயங்காது.

ஆறாம் படி: ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள்

பையன்களைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. குரல் உடைவதையும் தூக்கத்தில் விந்து வெளியேறுவதையும் ஓர் ஆண் ஆசிரியர் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். விந்து போனால் உடம்பு தேய்ந்துவிடும், நரம்பு தளர்ந்துவிடும் என்ற பழைய பயமுறுத்தல் நம் சமூகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது நோய் இல்லை, வளர்ச்சி என்ற ஒரு வரி போதும், பல பையன்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

குழந்தை எப்படி உண்டாகிறது என்று கேட்டால் சுற்றி வளைக்காதீர்கள். "வளர்ந்த ஆணும் பெண்ணும், இருவருக்கும் விருப்பம் இருந்து உடலால் சேரும்போது, ஆணுறுப்பிலிருந்து விந்தணு பெண்ணுறுப்பு வழியாகச் சென்று சினைமுட்டையோடு இணைகிறது. இது பெரியவர்களுக்கு உரியது, பிள்ளைகளிடம் யார் செய்தாலும் குற்றம்." இவ்வளவுதான் பதில். அமைதியாகச் சொன்னால் அடுத்த கேள்வி பெரும்பாலும் இரட்டைக் குழந்தைகளைப் பற்றியதாக இருக்கும்.

உறவுப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். மேசைக்குள் காதல் கடிதம், சுவரில் ஜோடிப் பெயர்கள் எல்லாம் இந்த வயதில் வரும். கடிதத்தைப் பிடுங்கி வகுப்பில் வாசிக்கும் பழக்கத்தை நாம் முதலில் விட வேண்டும். வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைக்கும் கதைகளைத் திரையில் பார்த்து வளர்கிறார்கள். மறுக்கச் சொல்லித் தருவதோடு, மறுப்பை ஏற்றுக்கொள்ளவும் சொல்லித் தர வேண்டும். நான் அழிப்பானில் தொடங்குகிறேன். ஒருவன் இரவல் கேட்கிறான், மற்றவள் முடியாது என்கிறாள். அவன் "சரி, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். பல பையன்களுக்கு அந்த நடைதான் கடினமாக இருக்கிறது. முகம் சுளிக்காமல் நடக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

ஃபோன் விஷயத்தில் பயமுறுத்துவது பயன் தராது. வலை விரிப்பவர் என்ன வரிசையில் நடந்துகொள்வார் என்பதைச் சொல்லுங்கள்: ஃபோன் விளையாட்டில் செலவழிக்க டைமண்ட் வாங்கித் தருவார், பாராட்டுவார், அம்மாவைக் குறை சொல்வார், தனியாகப் பேசக் கூப்பிடுவார், பிறகு படம் கேட்பார். படம் கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டு இதைச் சொல்லுங்கள்: "நீ ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தாலும் என்னிடம் வா. உன்னைத் திட்ட மாட்டேன்." பிள்ளைகளை மிரட்டுபவர்கள் நம்பியிருப்பதே நம் திட்டைத்தான்.

பெண்பிள்ளைகளுக்கு இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான முதலாம் படிவத்தில், 13 வயதில், எச்பிவி தடுப்பூசி போடுவார்கள். 2010 முதல் நடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கத்தான் என்று ஆறாம் ஆண்டிலேயே சொல்லிவிட்டால், ஒப்புதல் தாளைப் பெற்றோர் தயங்காமல் கையெழுத்திடுவார்கள்.

ஏழாம் படி: ஒரு பிள்ளை சொல்லும்போது

உட்காருங்கள், பிள்ளையின் உயரத்துக்கு இறங்குங்கள். முகத்தில் அதிர்ச்சி வேண்டாம். "சொன்னது நல்லது. உன் மேல் தவறில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று சொல்லுங்கள்.

துருவிக் கேட்காதீர்கள். "அவர் இங்கே தொட்டாரா?" என்று கேட்டால் சொல்லை நாமே அதன் வாயில் வைத்துவிடுகிறோம். நான் ஒரு முறை இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். "பிறகு?" என்ற ஒரு சொல்லே போதும். பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே, கொஞ்சும் சொல்லாக இருந்தாலும் மாற்றாமல், அன்றே எழுதித் தேதி, நேரம், கையொப்பம் இடுங்கள்.

தலைமையாசிரியருக்கும் ஆலோசனை ஆசிரியருக்கும் தெரிவித்து, அன்றே காவல்துறையில் புகார் செய்யுங்கள். அரசாங்க உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், சமூக நலத்துறைக்கு அதன் வழியாகவே போகலாம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கென ஒருங்கிணைந்த நெருக்கடிப் பிரிவு இருக்கிறது. சம்பவம் அண்மையில் நடந்திருந்தால், மருத்துவர் பார்க்கும் வரை பிள்ளையைக் குளிக்க வைக்கவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம். "சாட்சி இல்லையே, யார் நம்புவார்கள்?" என்று தயங்குபவர்களுக்கு: 792-ஆவது சட்டத்தின்படி வேறு சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தைக் கொண்டே நீதிமன்றம் தண்டிக்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவரை எக்காரணம் கொண்டும் பள்ளிக்குக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் அப்படித்தான் செய்தார்கள். உறவினரை வரவழைத்து, குடும்ப மானம் என்று சொல்லிப் பேசி முடித்தார்கள். அடுத்த வாரம் பள்ளி மாற்றக் கடிதம் கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அதன் வருகைப் பதிவில் என் கையெழுத்து இருக்கிறது.

எட்டாம் படி: கேள்விகளுக்கு ஒரு டின் வையுங்கள்

பழைய மைலோ டின் ஒன்றின் மூடியில் காசு போடும் அளவுக்குக் கீறி, ஆசிரியர் அறைக்கு வெளியே வைத்திருக்கிறேன். வகுப்பில் எல்லோரும் வெள்ளிக்கிழமை ஒரு தாளைப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போடலாம். எல்லோரும் போடுவதால் யார் கேட்டது என்று தெரியாது. டின்னை நான் மட்டும் திறந்து, தனியாகப் படித்துவிட்டு, அடுத்த பாடத்தில் பதில் சொல்வேன். உதவி கேட்கும் தாள் வந்தால் ஏழாம் படிக்குப் போவேன். கெட்ட சொல் எழுதிய தாளும் வரும். அந்தச் சொல்லுக்கு உரிய சரியான பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுப்பேன்.

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டுத் தாள்களுக்கு நடுவே, பென்சிலில் அழுத்தி எழுதிய ஒன்று இருந்தது. "அம்மா வேலைக்குப் போய்விடுகிறார். என் தங்கைக்கு வீட்டில் அது வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?" பெயர் இல்லை. கரும்பலகையில் பதில் எழுதினேன், வகுப்பு முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டது:

பேட் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அம்மாவிடம் இன்றே கேட்டு வை. எடுத்துக் கதவருகே வை. சுடுதண்ணீர் வைத்துக் கொடு. "பயப்படாதே, இதற்கு மாதவிடாய் என்று பெயர்" என்று சொல்.